ஹாஸ்டல் வாசலில் பார்த்தது, இன்னும் மறக்காதது: அமெரிக்காவில் பையை மாட்டிக்கொண்டு சுற்றியவர்கள் எழுதுங்கள்

கூடல்_நகரான்

2019 ஜனவரி கடைசி, சிகாகோ. அந்த வாரம் அங்கே இருந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லவே வேண்டாம். 30ஆம் தேதி காலை மைனஸ் 30 டிகிரி செல்சியஸுக்கும் கீழே போனது, தபால்காரர்களையே வெளியே அனுப்பவில்லை. நான் மிசௌரியில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன், செமஸ்டர் ஆரம்பத்தில் ஊர் சுற்றப் போனது என் புத்தி. 30ஆம் தேதி சிகாகோவிலிருந்து ஆம்ட்ராக் ஒரு ரயிலும் விடாது என்று முந்தின நாளே செய்தி வந்ததும், இன்னொரு ராத்திரிக்குப் பணம் கட்ட, தங்கியிருந்த ஹாஸ்டலில் (மாணவர் விடுதி இல்லை, பயணிகளுக்குப் பெட் கணக்கில் இடம் தரும் மலிவு விடுதி) கீழே ரிசப்ஷனுக்கு இறங்கினேன்.

எனக்கு முன்னால் ஒருவர் நின்றார். அறுபது வயது இருக்கும். நல்ல கோட்டு, சவரம் செய்த முகம், சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கையில் இருபது டாலர் தாள்கள் மடித்து வைத்திருந்தார். ரிசப்ஷன் பையன் அவருடைய லைசென்ஸைப் பார்த்துவிட்டு, இதே இல்லினாய் மாநில ஐடி என்றால் இடம் தர முடியாது சார், வெளிமாநில ஐடி இல்லையென்றால் பாஸ்போர்ட் வேண்டும் என்றான். ஹாஸ்டலில் தங்கியவர்களுக்கு இந்த விதி தெரியும், உள்ளூர்க்காரர்களுக்குப் பல இடங்களில் பெட் கிடையாது. பையன் கெட்டவன் இல்லை, இரண்டு மூன்று தடவை சாரி சொன்னான், 311க்குப் போன் செய்தால் இரவு தங்க எங்கே இடம் என்று சொல்வார்கள் என ஒரு துண்டுத் தாளில் எழுதியும் கொடுத்தான்.

அவர் சண்டை போடவில்லை. பணத்தை உள்பையில் வைத்தார். வாசலில் இரண்டு கதவு, நடுவில் ஒரு சின்ன இடம், அங்கே நின்று கையுறை மாட்டினார். விரல் விரலாக. அவ்வளவு மெதுவாக யாரும் கையுறை மாட்டி நான் பார்த்ததில்லை. நான் போனைப் பார்ப்பதுபோல் நின்றேன், போனில் ஒன்றும் இல்லை.

எட்டு பேர் அறையில் அன்று மூன்றே பேர். என் பெட்டுக்கு மேல் பெட்டில் விரிப்பும் தலையணை உறையும் மடித்து வைத்தது வைத்தபடியே இருந்தது. இதுதான். உங்களுக்கு இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள், சுற்றுலாத் தலங்களின் பட்டியல் வேண்டாம்.

வெள்ளாவி

எனக்கும் ஒன்று இருக்கிறது, வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

சான் பிரான்சிஸ்கோ, பெண்கள் மட்டும் இருக்கும் ஆறு பேர் அறை, வெள்ளிக்கிழமை ராத்திரி. நான் எச்1பி வேலை விசாவில் வந்து முதல் வருஷம், தனியாகப் போன முதல் ஊர். கீழ் பெட்டில் ஒரு அம்மா, ஐம்பத்தைந்து இருக்கும், கலிபோர்னியாவின் தெற்குக் கோடியிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். காலையில் பாலத்துக்கு அந்தப் பக்கம் மகனைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். என்ன வேலை பார்க்கிறான் என்று நானும் கேட்டு வைத்தேன். அவர் பதில் சொல்லவில்லை, சிரித்தார்.

விளக்கை அணைத்த பிறகு எழுந்து வந்து மெதுவாகக் கேட்டார், ஜீன்ஸ் இல்லாமல் வேறு ஏதாவது கால்சட்டை இருக்குமா, ஒரே ஒரு நாளைக்கு, மதியமே கொண்டுவந்து தருகிறேன் என்று. நான் கொண்டு வந்ததெல்லாமே ஜீன்ஸ்தான் என்று சொல்லிவிட்டேன். பொய். பையில் மெரூன் சல்வார் ஒன்று இருந்தது, இஸ்திரி போட்டு, கோயிலுக்குப் போனால் இருக்கட்டும் என்று வைத்தது. ஏன் பொய் சொன்னேன் என்றால் பயம், முன்பின் தெரியாத ஆள், துணி திரும்பி வராது, இப்படித்தான் ஏதோ. காலை ஆறு மணிக்கு அவர் நீல ஜீன்ஸிலேயே கிளம்பிப் போனார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து எதையோ படித்தபோதுதான் தெரிந்தது, கலிபோர்னியா சிறைகளில் கைதியைப் பார்க்க வருகிறவர்கள் நீல டெனிம் போடக் கூடாது, கைதிகளின் உடுப்பு அதுதானாம், போட்டு வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது சான் குவென்டின் சிறை. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. அவர் மாற்றுத் துணி எங்காவது வாங்கினாரா, ஆறு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும், இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன்.

டொரொண்டோ பொடியன்

கூடல், கோவிக்காதேங்கோ, ஆனால் அந்த விதியை நீங்கள் ஏதோ இரக்கமில்லாதவன் போட்ட சட்டம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நான் இங்கே டொரொண்டோவில் ஒரு ஹாஸ்டலில் இரண்டு வருஷம் ராத்திரி டெஸ்கில் நின்றவன். உள்ளூர் ஆள் பெட் கேட்டு வந்தால் பத்தில் இரண்டு பேர் உண்மையாகவே கஷ்டத்தில் வந்தவர்கள். மிச்சம் மனுசியோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்தவர், குடித்துவிட்டு வீட்டுக்குப் போக ஏலாதவர், சாமான் விற்க வந்தவர். ஒரு அறையில் எட்டு சின்னப் பிள்ளைகள், எட்டுப் பேருடைய பாஸ்போர்ட்டும் கட்டிலுக்குக் கீழே. யார் பொறுப்பு? இன்னொன்று, நியூயார்க், கலிபோர்னியா மாதிரி இடங்களில் ஒருவர் 30 நாள் தொடர்ந்து இருந்துவிட்டால் வாடகைக்கு இருக்கிறவருக்கு உள்ள உரிமை வந்துவிடும், பிறகு கோர்ட்டுக்குப் போகாமல் எழுப்ப ஏலாது. 14 இரவுக்கு மேல் பெட் இல்லை என்று சொல்வதெல்லாம் இதுக்காகத்தான். அந்தப் பெடியன் விதியை மீறியிருந்தால் அடுத்த நாள் அவனுக்கு வேலை இல்லை.

சரி, என் கதை. இங்கிருந்து நியூயார்க்குக்கு ராத்திரி பஸ். எல்லையில் பஃபலோ பாலத்தில் இரண்டரை மணிக்கு எல்லோரையும் பெட்டியோடு இறக்கி வரிசையில் விடுவார்கள், போன ஆட்களுக்குத் தெரியும். எனக்குப் பக்கத்து சீற்றில் இருந்தவர் ஏறினதிலிருந்து ஒரு சொல் கதைக்கவில்லை, மடியில் கேக் பெட்டி ஒன்று, அதைக் கீழே வைக்கவும் மாட்டார். அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். முக்கால் மணித்தியாலம் பஸ் நின்றது. பிறகு டிரைவர் ஏறி எண்ணினார், ஒரு ஆள் குறைவு, கதவைப் பூட்டினார். கேக் பெட்டியை அவர் சீற்றிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கியிருந்தார். நான் டிரைவரிடம் சொன்னேன், அவர் கேட்காத மாதிரி பஸ்ஸை எடுத்துவிட்டார். மன்ஹாட்டன் வரைக்கும் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், வளைவில் சரியுது. மேலே பெயர் எழுதியிருந்தது, ஒரு பெண் பிள்ளையின் பெயர், இங்கே எழுதமாட்டேன்.

பூட்டும்சாவியும்

நல்ல திரி. நான் நியூ ஆர்லியன்ஸில் ஒரு ஹாஸ்டலில் செருப்பைத் தொலைத்தேன், ஒரு ஆஸ்திரேலியப் பையன் தன் செருப்பைக் கொடுத்தான், இரண்டும் இடது கால். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் புதிதாகப் போகிறவர்கள் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதால் சில விஷயங்கள். முதலில் பூட்டு. லாக்கர் தருவார்கள், பூட்டு தரமாட்டார்கள், அங்கே வாங்கினால் இரண்டு மடங்கு விலை, நம்பர் பூட்டு ஒன்று ஊரிலிருந்தே கொண்டுபோங்கள், ஆனால் வளையம் மெல்லியதாக இருக்க வேண்டும், தடித்த வளையம் பல லாக்கர்களில் நுழையாது. மூட்டைப்பூச்சி. அறைக்குள் போனதும் பையைக் கட்டிலில் போடாதீர்கள், மெத்தையின் ஓரத் தையலை விரித்துப் பாருங்கள், மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தால் வாய் பேசாமல் கீழே போய் வேறு அறை கேளுங்கள். கடித்துவிட்டது என்றால் துணியெல்லாம் டிரையரில், சூட்டை அதிகபட்சம் வைத்து அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள், துவைத்தால் மட்டும் சாகாது. சொந்த ஸ்லீப்பிங் பேக் பல ஹாஸ்டல்களில் கூடாது, காரணமும் இந்தப் பூச்சிதான்.

காதுக்கு அடைப்பான் இரண்டு ஜோடி. ஒன்று உங்களுக்கு, இன்னொன்று மேல் பெட் ஆளுக்கு, ஏனென்றால் குறட்டை விடுவது நீங்களாகவும் இருக்கலாம். ராத்திரி மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் பை சரசரக்கச் சாமான் கட்டாதீர்கள், முந்தின நாளே கட்டுங்கள். சமையலறை பிரிட்ஜில் பெயரும் கிளம்பும் தேதியும் எழுதி ஒட்டாத சாப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், என் புளிக்காய்ச்சல் பாட்டில் போனது அப்படித்தான். ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுப்போன அரிசி, பாஸ்தா, எண்ணெய் எல்லாம் ஒரு இலவசத் தட்டில் இருக்கும், அதைப் பார்க்காமல் கடைக்குப் போகாதீர்கள். செலவு குறைய வேண்டும் என்றால் வாஷிங்டனுக்குப் போங்கள், ஸ்மித்சோனியன் மியூசியங்கள் எல்லாம் இலவசம். நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் படகு 1997லிருந்து இலவசம், சுதந்திர தேவி சிலையை அதிலிருந்தே பார்த்துவிடலாம், வாசலில் டிக்கெட் விற்கிறேன் என்று வருகிறவனை நம்பாதீர்கள். சிகாகோ டு சான் பிரான்சிஸ்கோ ரயிலில் போகிறவர்களுக்கு இரண்டு ராத்திரி, மலிவு டிக்கெட் என்றால் உட்கார்ந்தபடிதான், ரயில் எமரிவில்லில் நின்றுவிடும், அங்கிருந்து பஸ். கழுத்துத் தலையணை அவசியம். காலுக்கு, சொல்லவே வேண்டாம், இரண்டு ஜோடி செருப்பு.

கூடல்_நகரான்

பூட்டு அண்ணா, நன்றி, யாரும் கேட்கவில்லை.

டொரொண்டோ, நீங்கள் சொல்வது எல்லாம் சரியாக இருக்கலாம். விதி தப்பு என்று நான் எழுதவே இல்லை, திரும்பப் படியுங்கள். அந்தப் பையனையும் குறை சொல்லவில்லை. பத்தில் இரண்டு பேர் உண்மையாகக் கஷ்டத்தில் வந்தவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள், நான் பார்த்தது அந்த இரண்டில் ஒருவரை.

இன்னொன்றை முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்த வாரமே செய்தியில் வந்தது. அதே ஊரில் ரியல் எஸ்டேட் தொழிலில் இருக்கும் ஒரு பெண் தன் கிரெடிட் கார்டில் 30 ஓட்டல் அறை எடுத்து, தெருவில் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களைக் கொண்டுபோய்த் தங்க வைத்திருக்கிறார். எந்த ஹாஸ்டல் விதியையும் மீறவில்லை, ஓட்டலுக்குப் போனார், பணம் கட்டினார். ஸ்டைபண்டில் ஓட்டியவன் நான், 30 அறை என்னால் முடியாதுதான், ஆனால் அந்த மனிதர் கையில் அவருடைய பணமே இருந்தது. இல்லினாய் ஐடி வாங்குகிற ஒரு மோட்டலைப் போனில் தேடிக் கொடுக்க எனக்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். போன் கையில்தான் இருந்தது, சொன்னேனே.

பழைய பஞ்சாங்கம்

கூடல் எழுதியதைப் படித்ததும் எனக்கு நியூயார்க் ஆம்ஸ்டர்டாம் அவென்யூ, 103ஆம் தெரு முனையில் இருக்கும் பெரிய ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. செங்கல்லில் கோட்டை மாதிரி நிற்கும், தங்கியவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பீர்கள். அது ஹாஸ்டலுக்காகக் கட்டியது இல்லை. ரிச்சர்ட் மாரிஸ் ஹண்ட் என்ற பெரிய கட்டடக் கலைஞர் 1883ல் முடித்துக் கொடுத்தது, ஆதரவற்ற ஏழைக் கிழவிகளுக்கான இல்லம். வெறும் ஏழைக் கிழவிகள் இல்லை, நடத்திய சங்கத்தின் பெயரிலேயே ‘மரியாதைக்குரிய’ என்று ஒரு சொல் உண்டு. அப்போதும் வாசலில் ஒருத்தர் உட்கார்ந்து யார் மரியாதைக்குரியவர், யார் இல்லை என்று பார்த்திருப்பார் போல.

ஹாஸ்டல் என்பதே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் யோசித்தது. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மன், பிள்ளைகளை நடத்தியே ஊர் காட்ட அழைத்துப் போவார், ராத்திரி தங்க இடம் இல்லை, 1912ல் ஆல்டேனா கோட்டையில் நிரந்தரமாக ஒன்றைத் திறந்தார். அமெரிக்காவுக்கு வந்தது 1934ல், மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்ட் என்ற சின்ன ஊர், அதையும் தொடங்கியது ஆசிரியத் தம்பதிதான். வெளியூர்க்காரனுக்கு மட்டும் என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது, ஊரை விட்டு வந்தவனுக்குத்தானே இடம் வேண்டும். ஊருக்குள்ளேயே இடம் இல்லாதவன் கணக்கில் வரவில்லை.

டொரொண்டோ சொன்ன 30 நாள் விஷயத்தோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் மாநிலம் 2010ல் குடியிருப்புக் கட்டடங்களில் 30 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் போட்டது, அதில் மலிவான ஹாஸ்டல்கள் பல மூடிப்போயின. நான் 2008ல் தங்கிய இடம் அப்படிப் போனதில் ஒன்று. பத்துப் பேருக்கு ஒரே கழிப்பறை, காலையில் வரிசை. வரிசையில் எனக்கு முன்னால் தினமும் ஒரு வயதான ஜப்பானியர், தினமும் எனக்கு வழி விடுவார், நானும் தினமும் போய்விடுவேன். கிளம்புகிற அன்றுதான் கவனித்தேன், அவர் எல்லோருக்கும் வழி விட்டுக்கொண்டு கடைசியில் நிற்கிறார். எத்தனை மணிக்கு அவருக்கு முறை வந்ததோ.

டொரொண்டோ பொடியன்

கூடல், சரி. இரண்டு பேர் என்று நானே எழுதினேன், மறுக்கேல்லை. ராத்திரி டெஸ்கில் நானும் ஒருத்தரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதை எழுதத்தான் வந்தேன், கேக் பெட்டியை எழுதிவிட்டுப் போய்விட்டேன். இன்னொரு நாள்.

பூட்டும்சாவியும்

கேக் என்ன ஆனது, அதைச் சொல்லுங்கள் முதலில்.

டொரொண்டோ பொடியன்

பஸ் கம்பெனி கவுண்டரில் குடுத்தேன். சாப்பாட்டுச் சாமான் எடுக்க மாட்டோம் என்று திருப்பித் தந்தார்கள். ஹாஸ்டல் பிரிட்ஜில் வைத்தேன். பெயர்தான் மேலேயே எழுதியிருந்ததே, நாலு நாள் ஒருத்தரும் தொடவில்லை.

தூத்துக்குடி_உப்பு

வெள்ளாவி அக்கா, அந்த சல்வார் இன்னும் இருக்கா?

வெள்ளாவி

இல்லை. ஊருக்குப் போனபோது சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு உயரம் பத்தவில்லை, கீழே ஒட்டுத் துணி வைத்துத் தைத்தோம்.