கிளாசெட்டில் ஒன்பது வருட உப்புக்கறை: வீட்டைக் காலி செய்வதற்குள் எடுக்க முடியுமா?

கொருக்குப்பேட்டை அம்மா:

வணக்கம். கொருக்குப்பேட்டையில் ஒரு முதல் மாடி வீட்டில் ஒன்பது வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு உரிமையாளர் வந்து சுற்றிப் பார்த்தார். சுவரில் ஆணி அடித்த இடங்களைப் பற்றிக்கூட அவர் கேட்கவில்லை. கழிப்பறைக்குள் எட்டிப் பார்த்ததும், "கிளாசெட்டை மாற்றித்தான் ஆக வேண்டும், அந்தச் செலவை அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறேன்" என்றார். "இப்படியா வைத்திருப்பீர்கள்?" என்றும் கேட்டார். பணம் போவதைவிட அந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. தினமும் காலையில் கழிப்பறையைக் கழுவாமல் நான் அடுப்பங்கரைக்குள் போனதே இல்லை.

கறை எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளும் பழுப்புமாக ஒரு வளையம். பின்பக்கத்தில் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை நாக்கு மாதிரி ஒரு பட்டை இறங்குகிறது. நகத்தால் சுரண்டினால் சொரசொரவென்று, வெந்நீர்ப் பானையின் அடியில் பிடித்திருக்குமே, அதே மாதிரி இருக்கிறது.

குடிக்கவும் சமைக்கவும் தெருவில் வரும் குடிநீர் வாரியத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மாடிக்குத் தூக்கி வருகிறோம். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் காய்ந்ததும் வெள்ளை வட்டம் விழும்.

செய்து பார்த்தவை: பிளீச்சிங் பவுடரைத் தூவி ஒரு இரவு முழுவதும் விட்டேன். மஞ்சளாக இருந்தது பழுப்பாகியதுதான் மிச்சம். சலவைச் சோடாவோடு எலுமிச்சைச் சாறு சேர்த்தேன். பொங்கியது, அடங்கியது, கறை அப்படியே இருந்தது. கழிப்பறை கழுவும் நீலத் திரவத்தை மூன்று பாட்டில் ஊற்றிவிட்டேன். கடைசியில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் தேய்த்தேன். கறை போகவில்லை, மேலும் கறுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. என் கணவருக்கு வீசிங் உண்டு, அதனால் காட்டமான நெடி வீட்டில் ஆகாது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராயபுரம் தம்பி:

அம்மா, கவலைப்படாதீர்கள். சைக்கிளில் பினாயிலும் ஆசிட்டும் விற்றுக்கொண்டு வருவார்களே, அவர்களிடம் ஒரு பாட்டில் ஆசிட் வாங்குங்கள். முதலில் பிளீச்சிங் பவுடரைத் தாராளமாகத் தூவி, அதன்மேல் ஆசிட்டை ஊற்றிக் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

வேதியியல் ஆசிரியை, வியாசர்பாடி:

சகோதரி, மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். தம்பி நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், ஆனால் அது ஆளைக் கொல்லக்கூடிய யோசனை. பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் கலந்தால் குளோரின் வாயு வெளியேறும். 1915இல் முதல் உலகப் போரில் படைவீரர்கள் மீது ஏவினார்களே, அதே வாயு. நம் வீட்டுக் கழிப்பறைகளின் அளவுக்கு, ஒரு சின்ன ஜன்னலோடு, அது நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்? வீசிங் உள்ளவர் வீட்டில் நினைத்துப் பார்க்கவே முடியாது. நீங்கள் ஏற்கெனவே பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பதால், இனி எந்த அமிலத்தை எடுப்பதற்கு முன்பும் ஐந்தாறு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் ஆறப்போடுங்கள். அந்தத் திறந்த ஆசிட் வேண்டவே வேண்டாம். கண்டவர்கள் கையில் ஆசிட் கிடைக்கக் கூடாது என்றுதான் 2013இல் உச்ச நீதிமன்றம் அதன் சில்லறை விற்பனைக்கே கட்டுப்பாடு விதித்தது.

நீங்கள் செய்தவை ஏன் பலிக்கவில்லை என்பதைச் சொல்கிறேன், அது தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் காயும் இடத்தில் அவை கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றன. சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் இதே பொருள்தான். ஆகவே உங்கள் கிளாசெட்டில் இருப்பது கல். பிளீச்சிங் பவுடர் நிறத்தை வெளுக்கும், கிருமியைக் கொல்லும், கல்லை ஒன்றும் செய்யாது. அந்தப் பவுடரிலேயே சுண்ணாம்பு இருக்கிறது. தண்ணீரில் இரும்பு இருந்தால் அதைத் துருவாக்கிப் பழுப்பையும் கூட்டிவிடும். உங்களுக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். சோடாவும் எலுமிச்சையும் சேர்ந்தபோது பொங்கியது அவை இரண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொண்டதால். கறையைத் தொடுவதற்குள் எலுமிச்சையின் புளிப்பு முழுவதும் சோடாவிலேயே செலவாகிவிட்டது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, ஐ.எஸ். 10500, கடினத்தன்மை, அதாவது இந்த உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் தெருப் போர் தண்ணீரைப் பள்ளி ஆய்வகத்தில் நானே சோதித்திருக்கிறேன், அந்த மேல் வரம்பையும் தாண்டியிருந்தது. 600 என்றே வைத்துக்கொண்டாலும், பத்து லிட்டர் ஃபிளஷ் ஒன்றில் ஆறு கிராம் சுண்ணாம்பு கிளாசெட் வழியே போகிறது. எல்லாம் ஒட்டிவிடாது, கொஞ்சம்தான் தங்கும். ஆனால் ஒன்பது வருடம் அல்லவா? உங்கள் கை சுத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, சகோதரி. அந்த உரிமையாளர் சொன்னதை மனத்திலிருந்து எடுத்துப் போடுங்கள்.

ராயபுரம் தம்பி:

மன்னிக்கவும் அம்மா. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். கண் எரிந்து இருமல் வந்ததை ஆசிட்டின் நெடி என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். அந்த யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம். ஆசிரியைக்கு நன்றி.

பழைய பிளம்பர், வண்ணாரப்பேட்டை:

அம்மா, முப்பது வருடமாக வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூர் வரை இந்த வேலையைத்தான் செய்து வருகிறேன். புழல் ஏரி வறண்ட 2019இல் ஊரே போர் தண்ணீருக்கு மாறியபோது, நல்ல கிளாசெட்டுகளை எத்தனை பேர் பெயர்த்துப் போட்டார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன். பெயர்க்கச் சொன்ன வீடுகளில் பாதிக்கு மேல், கழுவினாலே போதும் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்களுடையதும் அப்படித்தான்.

மேல் விளிம்பிலிருந்து நாக்கு மாதிரி ஒரு பட்டை இறங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த ஒரு வரி போதும். உங்கள் ஃபிளஷ் டேங்க் கசிகிறது. நூல் மாதிரி ஒரு கசிவு, கண்ணுக்கே தெரியாது, சத்தமும் வராது. அது இறங்கும் தடத்தில்தான் அந்தப் பட்டை வளர்ந்திருக்கிறது. இதைச் சரிசெய்யாமல் கறையை எடுத்தால் சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடியும் வரும். சோதிப்பது சுலபம். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விடுங்கள். ஒரு மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் இருக்கட்டும். கோப்பைத் தண்ணீரில் நீலம் இறங்கியிருந்தால் டேங்கின் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். வாஷரிலும் அது உட்காரும் இடத்திலும் உப்பு பிடித்துக்கொள்ளும், பிறகு சரியாக மூடாது. வாஷர் விலை பெரிதில்லை, எந்த பிளம்பரும் அரை மணி நேரத்தில் மாற்றிவிடுவார்.

அடுத்து, நீலத் திரவம் ஏன் பலிக்கவில்லை என்பது. கழிப்பறைக்கென்று விற்கும் அந்தத் திரவங்களில் பலவற்றில் ஆசிட்தான் இருக்கிறது, சரக்கில் குறை இல்லை. நீங்கள் கோப்பையில் தண்ணீர் நிற்கும்போதே ஊற்றியிருப்பீர்கள். நான் போன எல்லா வீடுகளிலும் அதையே செய்கிறார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கலந்தால் அதற்கு என்ன வலு இருக்கும்? முதலில் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும். டேங்குக்குத் தண்ணீர் விடும் சுவரோரத் திருகு குழாயை (ஆங்கிள் காக்) மூடிவிட்டு ஒருமுறை ஃபிளஷ் செய்யுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, கோப்பையில் மிச்சம் நிற்பதைப் பழைய மக்கால் மொண்டு எடுங்கள், கடைசியில் இருப்பதைத் துணியால் ஒற்றி எடுங்கள். கறை வெளியே தெரிய வேண்டும், காய்ந்தே இருந்தால் இன்னும் நல்லது.

உங்கள் வீட்டுக்காரருக்கு நெடி ஆகாது என்பதால் சிட்ரிக் ஆசிட் வாங்குங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் தருவார்கள், வெள்ளையாகச் சர்க்கரை மாதிரி இருக்கும். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நூறு கிராம் கரையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், பீங்கான் வெடித்துவிடும். பழைய பருத்தி வேட்டியை நாடா மாதிரி கிழித்து, அதில் முக்கி, வளையத்தின் மேலும் அந்த நாக்கின் மேலும் பற்றுப் போடுவதுபோல் ஒட்டி வையுங்கள். மேல் விளிம்பின் உட்பக்கம் துளைகள் இருக்கும், அங்கும் திணியுங்கள். ஃபிளஷ் தண்ணீர் வருவதே அந்தத் துளைகள் வழியாகத்தான். அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஒரே பக்கமாக இறங்கி மறுபக்கம் கழுவப்படாமல் கிடக்கும். ராத்திரி ஒட்டினால் காலையில் எடுக்கலாம். நடுவில் துணி காய்ந்தால் இன்னும் கொஞ்சம் கரைசலை ஊற்றுங்கள்.

காலையில் நைலான் பிரஷால் தேயுங்கள். மாவு மாதிரி வெள்ளையாகக் கரைந்து வரும். ஒரு ராத்திரியில் எல்லாம் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்பது வருடக் கல், மூன்று நான்கு ராத்திரி கேட்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள், பழைய கரைசலின் வலு தீர்ந்திருக்கும். கடைசியில் ஒன்றிரண்டு திட்டு மிச்சமிருந்தால், குதிகால் தேய்க்கும் நுரைக்கல்லை நன்றாக நனைத்து, கறையையும் நனைத்து, மெதுவாகத் தேயுங்கள். உலர்ந்த கல் படவே கூடாது. உப்புத்தாள், கத்தி, கம்பி நார் எதுவும் வேண்டாம். பீங்கானின் பளபளப்பு ஒருமுறை போய்விட்டால் திரும்ப வராது, சொரசொரப்பான இடத்தில் உப்பு இன்னும் வேகமாகப் பிடிக்கும். இப்போது விழுந்திருக்கும் கறுப்புக் கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். கம்பியின் இரும்பு பீங்கானில் ஒட்டிய தடம் அது. பெரும்பாலும் இந்தப் புளிப்பிலேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பழைய வீடு என்பதால் மொசைக் தரையாக இருக்கலாம். இந்தக் கரைசல் தரையில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். மொசைக்கில் இருப்பதும் சலவைக்கல் சில்லுதான், கறையைக் கரைப்பது தரையையும் கரைக்கும்.

கொருக்குப்பேட்டை அம்மா:

ஐயா, நீங்கள் எழுதியதை என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். அன்று மாலையே சொட்டு நீலம் விட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இருபது நிமிடத்திலேயே அந்த நாக்கின் மேல் நீலமாக ஒரு கோடு இறங்கியது. நான் அங்கேயே வெகுநேரம் நின்றேன். ஒன்பது வருடமாக நான் தேய்த்துக்கொண்டே இருக்க, அது மேலிருந்து ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. மகள் கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

ஆசிரியை அம்மா சொன்னபடி நன்றாகக் கழுவி ஒரு நாள் விட்டுத்தான் தொடங்கினேன். முதல் இரவு பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் காலையில் பிரஷ் பட்டதும் நாக்கின் ஓரம் ஏடு ஏடாகப் பெயர்ந்தது. வளையம்தான் இன்னும் பிடிவாதமாக இருக்கிறது. கறுப்புக் கோடுகள் பாதி போய்விட்டன. நெடி எதுவும் இல்லை, அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வேதியியல் ஆசிரியை, வியாசர்பாடி:

படத்தைப் பத்திரமாக வையுங்கள். வாஷர் தேய்ந்துபோவது குடியிருப்பவர் செய்த சேதம் ஆகாது என்று உரிமையாளரிடம் தைரியமாகச் சொல்லலாம். இன்னொன்று: அடியில் வெள்ளைக் குழம்பாகத் தங்குவது கால்சியம் சிட்ரேட். அது தண்ணீரில் எளிதில் கரையாது. ஒவ்வொரு காலையும் அதைப் பிரஷால் முழுவதும் எடுத்துவிடுங்கள். அது மேலே மூடிக்கொண்டால் அடுத்த இரவு புளிப்பு கறைக்குள் இறங்காது.

கொருக்குப்பேட்டை அம்மா:

எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஐந்து இரவு ஆனது, முக்கால் கிலோ எலுமிச்சை உப்பு செலவானது. வளையத்தின் கடைசித் திட்டை நுரைக்கல்லால் எடுத்தேன். வாஷரை நாங்களே காசு கொடுத்து மாற்றினோம். நான் கம்பி நாரால் அழுத்தித் தேய்த்த ஒரு சிறு இடம் மட்டும் மங்கலாக இருக்கிறது, அது போகாது போலிருக்கிறது.

நேற்று உரிமையாளர் வந்தார். உள்ளே போய், விளக்கைப் போட்டு, குனிந்து பார்த்தார். படத்தைக் காட்டி நீலக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். பதில் சொல்லவில்லை. வழக்கப்படி வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையை மட்டும் பிடித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தருவதாகக் கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். முன்பு கேட்ட கேள்விக்காக வருத்தம் தெரிவிக்கவில்லை. பரவாயில்லை, அவர் குனிந்து பார்த்ததை நான் பார்த்துவிட்டேன்.

புது வீடு திருவொற்றியூரில், காலடிப்பேட்டைப் பக்கம். அங்கும் போர் தண்ணீர்தான். பால் காய்ச்சப் போகும் பையில் பாலோடும் சர்க்கரையோடும் ஒரு சொட்டு நீலப் பாட்டிலையும் எடுத்து வைத்திருக்கிறேன்.