பைபர் படகை விற்கக் கழுவினால் பழைய ஒட்டு வெளியே தெரிகிறது, பெயின்ட் அடிக்கலாமா?

தெற்குவாடி28:

வணக்கம். பாம்பன் தெற்குவாடியில் அப்பாவின் பைபர் படகு, 28 அடி, போன ஆடியிலிருந்து மணலில் ஏற்றியபடியே கிடக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி கடலுக்குப் போகவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன், படகில் எனக்குத் தெரிந்த ஒரே வேலை சின்ன வயதில் தண்ணீர் இறைத்ததுதான். பத்து நாள் லீவில் வந்திருக்கிறேன், கழுவி விற்றுவிட்டுப் போகலாம் என்று நினைப்பு. தொண்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்.

மூன்று நாளாகச் செய்ததைச் சொல்கிறேன். அடிப்பக்கம் கொட்டலசு, அதாவது படகில் ஒட்டி வளரும் சிப்பி மாதிரி உயிர், காய்ந்து கல்லாக ஒட்டியிருந்தது, இரும்புத் தகடால் சுரண்டினேன், மேல்கூடு வந்தது, அடியில் வட்ட வட்டமாக வெள்ளைத் தழும்பு அப்படியே நிற்கிறது, நான் சுரண்டிய கோடும் சேர்ந்து நிற்கிறது. சரி என்று கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றினேன், நுரைத்துக்கொண்டு கரைந்தது. மீன் பெட்டி நாற்றத்துக்குச் சித்தப்பா மகன் பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தான். அந்தத் தண்ணீரும் ஆசிட் தண்ணீரும் ஒரே குழிக்கு ஓடிச் சேர்ந்ததும் குப்பென்று ஒரு வாடை, கண் எரிந்து இருமல் வந்து இரண்டு பேரும் ஓடிவிட்டோம். இது சாதாரணமா?

வெளிப்பக்க வெள்ளை, சுண்ணாம்புச் சுவரைத் தொட்டது போல் கையில் ஒட்டுகிறது. போல்ட் இருக்கும் இடமெல்லாம் துருக்கறை வழிந்திருக்கிறது.

இதையெல்லாம் விடப் பெரிய தலைவலி வேறு. இடது பக்கம், அணியத்திலிருந்து, அதாவது முன் முனையிலிருந்து, ஐந்தடி தள்ளி, இரண்டு கை அகலத்துக்கு ஒரு பழைய ஒட்டு மஞ்சளாக வெளியே வந்துவிட்டது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வந்தபோது பக்கத்துப் படகு மோதி உடைந்த இடம், அப்பா அப்போதே பைபர் போட்டு அடைத்து மேலே வெள்ளை அடித்திருக்கிறார். மச்சான் ஒரே பிடியாக நிற்கிறார்: "ஒரு லிட்டர் பெயின்ட் வாங்கி அடி மாப்ள, எவனுக்குத் தெரியும்." அடிக்கவா, விடவா?

ரெசின்கை:

தம்பி, பெயின்ட் கதை அப்புறம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. திறந்த மணலில் காற்று அடித்ததால் தப்பித்தீர்கள், மீன் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்திருந்தால் மூச்சு நின்றிருக்கும். இருமல் இன்னும் இருந்தால் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரண்டையும் இனி ஒரே நாளில் படகுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

கொட்டலசைப் படகு கரையேறிய அன்றே ஈரத்தோடு தள்ளியிருந்தால் மரத்தகடே போதும். காய்ந்தபின் அடித்தட்டு பைபரோடு ஒட்டிக்கொள்ளும். அதன் கூடு சுண்ணாம்புதான், அதனால் புளிப்பு எதுவாக இருந்தாலும் கரைக்கும். வினிகரிலோ லெமன் சால்ட் கரைத்த தண்ணீரிலோ சாக்கை நனைத்து அந்த இடத்தில் அரை மணி நேரம் ஒட்டிவைத்து, பிளாஸ்டிக் தகடால் தள்ளுங்கள், இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். கக்கூஸ் ஆசிட் சீக்கிரம் கரைக்கும், ஆனால் வழிந்து போகிற வழியில் போல்ட்டையும் படகின் பின்னால் தொங்கும் மெஷினின் அலுமினியக் காலையும் சேர்த்துத் தின்னும். அந்தத் தண்ணீரைக் கடலுக்குள் ஓடவிடவும் வேண்டாம். உங்களுக்கு எதிரே இருப்பது குருசடைத் தீவு, அதோடு சேர்ந்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

மீன் நாற்றத்துக்கும் புளிப்புதான் மருந்து. வீட்டில் மீன் கழுவும்போது புளித்தண்ணீர் ஊற்றுவது எதற்கு? அந்த வாடை காரத்தன்மை உள்ள ஒரு பொருளிலிருந்து வருகிறது, புளிப்பு பட்டால் கட்டுப்படும். முதலில் சோப்புத்தூள் போட்டு எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள், பிசுக்கு இருக்கும்வரை எதை ஊற்றினாலும் நாறும். அப்புறம் புளித்தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் அலசி, மூடியைக் கழற்றி இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். துருக்கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் பவுடர் கேட்டு வாங்குங்கள், அது விஷம், கையுறை போட்டுத்தான் தொட வேண்டும், மீன் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம்.

கையில் ஒட்டுகிற சுண்ணாம்பு, ஜெல்கோட், அதாவது பைபர் மேல் இருக்கும் வழவழப்பான பூச்சு, அதன் மேல்தோல் வெயிலில் வெந்தது. ஒரு சாண் இடத்தில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பு வந்தால் அதோடு நிறுத்துங்கள். வரவில்லை என்றால் மட்டும் 800 நம்பர் வாட்டர் பேப்பர், அப்புறம் 1200, தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்து, காம்பவுண்ட், கடைசியில் மெழுகு. ஜெல்கோட் மொத்தமே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், பையன்கள் கையில் பாலிஷ் மெஷினைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்பி வரும்போது உள்ளே இருக்கிற மேட், அதாவது கண்ணாடி நூல் விரிப்பு, தெரியும். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள், சூடான பைபரில் காம்பவுண்ட் காய்ந்து திட்டுத்திட்டாக நிற்கும்.

ஒட்டை உள்பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.

தொண்டிக்காரி:

தம்பி, நாங்கள் வாங்கி ஏமாந்த குடும்பம், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். முழுசாகப் புது வெள்ளை அடித்த படகைப் பளபளப்பாக இருக்கிறதே என்று வாங்கினோம், இரண்டாவது மாதம் பெயின்ட் உரிந்தது, உள்ளே ஒரு முழம் விரிசல். அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் எந்தப் படகைப் பார்க்கப் போனாலும் முதலில் மோந்து பார்ப்பார். பெயின்ட் வாடை வந்தால் விலை கேட்காமலே திரும்பிவிடுவார். உங்கள் மச்சான் சொல்கிறபடி அந்த ஒரு இடத்தில் மட்டும் அடித்தால் இன்னும் மோசம், இங்கே பார் என்று விரலைக் காட்டுவது போல.

எனக்கு ஒன்று சொல்லுங்கள். முன்னால் எத்தனை பேர் இழுத்து ஏற்றுவார்கள், இப்போது எத்தனை பேர்? மழைக்காலத்தில் தண்ணீர் வடிய அடித்தக்கை கழற்றியிருந்ததா?

தெற்குவாடி28:

அக்கா, அப்பாவிடம் கேட்டேன். முன்னால் எட்டுப் பேர். போன வாரம் திருப்பி வைக்கப் பன்னிரண்டு பேர், அதிலும் மூச்சு வாங்கியது. ஆட்கள் சாப்பிடாமல் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். தக்கை கழற்றவில்லை, மார்கழி வரை உள்ளே தண்ணீர் நின்றதாம்.

இருமல் நின்றுவிட்டது ரெசின்கை அண்ணே, நன்றி. உள்பக்கப் போட்டோ போட்டிருக்கிறேன்.

வலைக்காரன்:

எல்லாரும் நல்லவர்களாக இருக்கிறீர்கள். பெயின்ட் அடிக்காமல் இந்தக் கரையில் எவன் படகு விற்கிறான்? கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தால் பவுடர் போடுவதில்லையா. கழுவாமல் வைத்தால் பத்தாயிரம் குறைத்துக் கேட்பான், ஒட்டைக் காட்டினால் இன்னொரு பத்தாயிரம். பார்த்துக்கொள்.

ரெசின்கை:

வலைக்காரரே, பவுடர் போடலாம், முறிந்த காலை மறைக்கக் கூடாது.

தம்பி, ஒட்டைப் போட்டோவில் பார்த்தேன், உள்ளேயும் மேட் போட்டு ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்து ஏற்றியிருக்கிறார்கள், தெரிந்த கை செய்த வேலை. இருந்தாலும் தட்டிப் பாருங்கள். சின்ன ஸ்பேனரால் ஒட்டின் நடுவிலிருந்து வெளியே நல்ல இடம் வரைக்கும் தட்டிக்கொண்டே போங்கள், டங் டங் என்று ஒரே சத்தமாக இருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது, எங்காவது டொக் என்று அமுங்கினால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. பிரிந்திருந்தால் வெட்டி எடுத்துத் திரும்பப் போட வேண்டும். மஞ்சள் நிறம் மட்டும்தான் குறை என்றால் அப்படியே விடுங்கள். வருகிறவரிடம் நீங்களே முதலில் காட்டுங்கள்.

எனக்குக் கவலை ஒட்டு இல்லை, பன்னிரண்டு பேர். தளத்துக்குக் கீழே மிதப்புக்கு போம் அடைத்திருப்பார்கள், தண்ணீர் தேங்கி அது குடித்துவிட்டது. அமரத்துப் பக்கம், அதாவது பின்பக்கம், தளத்துக்குக் கீழே ஆகத் தாழ்ந்த மூலையில், உள்பக்கத் தடுப்பில் ஒரு விரல் அளவு துளை போட்டு, அணியத்தின் அடியில் பனங்கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். வெளிச்சுவரில் துளை போட்டுவிடாதீர்கள். இடுக்கில் நிற்கிற தண்ணீர் வடியும். போமே குடித்த தண்ணீர் வெயிலில் காயாது, அதை வெட்டி எடுத்தால்தான் தீரும், உங்கள் லீவுக்குள் முடிகிற வேலை இல்லை. ஆனால் வடிந்த மட்டும் எடை குறையும், வாங்குகிறவரும் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவார்.

மெஷின்காரன்:

ஒருத்தரும் மெஷினைக் கேட்கவே இல்லையே! படகு பளபளவென்று இருந்து மெஷின் இழுக்காவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. எட்டு மாதம் சும்மா கிடந்த அவுட்போர்டைக் கயிற்றைப் பிடித்து ஆத்திரமாக இழுக்காதே. முதலில் பிளக்கைக் கழற்றிச் சிலிண்டருக்குள் நாலு சொட்டு ஆயில் விட்டுக் கையால் மெதுவாகச் சுற்று. கார்புரேட்டரில் பழைய மண்ணெண்ணெய் பிசினாக நிற்கும், கழற்றிச் சுத்தம் பண்ணு. அடியில் கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்திப் பார், கறுப்பாக வந்தால் மாற்றினால் போதும், பால் டீ நிறத்தில் வந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் ஏறியிருக்கிறது.

அப்புறம் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பிக் காலை இறக்கி ஓட்டு. பின்னால் சின்ன ஓட்டையில் தண்ணீர் பீய்ச்ச வேண்டும், பீய்ச்சவில்லை என்றால் உடனே அணை, உப்பு அடைத்திருக்கும் அல்லது தண்ணீரை உறிஞ்சும் இம்பெல்லரின் ரப்பர் இறகு காய்ந்து ஒடிந்திருக்கும். பத்து நிமிஷம் ஓட விட்டு, நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டி அணை, மண்ணெண்ணெய் உள்ளே தங்காது. வாங்க வருகிறவன் முதல் இழுப்பைத் தான் இழுக்க வேண்டும் என்பான், அவன் வருவதற்கு முன் சூடாக்கி வைக்காதே, மூடியைத் தொட்டுப் பார்க்கிற ஆட்கள் உண்டு, நானும் அப்படித்தான்.

தொண்டிக்காரி:

பேப்பரையும் பாருங்கள் தம்பி. மீன்வளத்துறைப் பதிவு அப்பா பேரில்தானே, மெஷின் பில் இருக்கிறதா, சொசைட்டியிலோ பேங்கிலோ கடன் மிச்சம் இருக்கிறதா. கடன் தீர்ந்த சீட்டு இல்லாமல் பெயர் மாற்றம் இழுத்துக்கொண்டே போகும். பக்கவாட்டில் எழுதிய பதிவு எண்ணை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். பெயர் மாறும்வரை படகு எங்கே போய் என்ன செய்தாலும் கேள்வி அப்பாவிடம்தான் வரும், அதனால் சாவியையும் காசையும் மாற்றிக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள்.

விலையில் அவசரப்படவும் வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும், உங்கள் மாதிரிச் சின்னப் படகுக்கு அந்தத் தடை இல்லை, மீன் விலையும் ஏறும். இப்போது பங்குனி பிறக்கப் போகிறது. வாங்குகிறவருக்குத்தான் அவசரம்.

தெற்குவாடி28:

எல்லாருக்கும் நன்றி, ஞாயிறு முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன். காம்பவுண்டிலேயே வெள்ளை வந்துவிட்டது, வாட்டர் பேப்பர் தேவைப்படவில்லை, நான் சுரண்டிய கோடு மட்டும் பக்கத்தில் போனால் தெரிகிறது. துளை போட்டதில் இரண்டு நாளில் ஒன்பது வாளி தண்ணீர் வடிந்தது, நிறம் தேயிலைத் தண்ணீர், வாடை சொல்ல வேண்டாம். இப்போது பத்துப் பேர் போதும். மெஷின் இம்பெல்லர் மாற்றினோம். அணியத்தில் எழுதியிருந்த ஆத்தா பெயரை நான் பாலிஷ் போடும்போது அழித்துவிடுவேனோ என்று அப்பா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

வந்தவரிடம் ஒட்டை அப்பாவே காட்டி, புரெவிக் கதையை அரை மணி நேரம் சொன்னார். அந்த மனுஷன் நாலு தட்டு தட்டிவிட்டு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை! நேராக மணலில் மல்லாந்து படுத்து ஏராவின், அதாவது அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பின், பின் முனையைப் பார்த்தார். மணலில் இழுத்து இழுத்து அங்கே பைபர் தேய்ந்து மேட் நூல் தெரிகிறது, இத்தனை நாள் கழுவியும் எனக்குக் கண்ணில் படவே இல்லை. போமுக்கும் ஏராவுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம் குறைத்துக் கேட்கிறார். ஏராவை நானே அடைத்துவிட்டால் பத்துக்கு இறங்குவார் போலிருக்கிறது. எத்தனை அடுக்கு மேட் போட வேண்டும் அண்ணே?

ரெசின்கை:

கிரைண்டரால் தேய்த்து நல்ல பைபர் வரும்வரை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, முழுசாகக் காய்ந்தபின் சதுர மீட்டருக்கு 450 கிராம் மேட் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் முந்தியதைவிட இரண்டு விரல் அகலமாக. ரெசினில், அதாவது மேட்டை இறுக்கும் பசையில், முதலில் ஆக்சிலரேட்டரைக் கலக்கி முடித்து, அதற்கப்புறம்தான் கேட்டலிஸ்ட் விட வேண்டும். அந்த இரண்டும் நேராக ஒன்றோடொன்று பட்டால் வெடிக்கும், நீ ஏற்கெனவே ஒரு தடவை குளோரின் காய்ச்சிய ஆள், அதனால் சொல்கிறேன். என்னைக் கேட்டால் ஐந்தாயிரத்துக்காக இதில் இறங்காதே. பதினைந்தையும் குறைத்துக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை அவரையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு மீன்வளத்துறை ஆபீசுக்குப் போ.

தெற்குவாடி28:

சரி அண்ணே. அவரே ஏராவைப் போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன், அட்வான்ஸ் வாங்கியாச்சு. மச்சான் வாங்கிவந்த ஒரு லிட்டர் வெள்ளை பெயின்ட் மூடி திறக்காமல் இருக்கிறது, பக்கத்தில் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.