‘தி கிரே’ புலம்பல்: ஒரு புதுப்பிப்பு

2012இல் வந்த ‘தி கிரே’ பற்றிப் போன வாரம் புலம்பியிருந்தேன். அலாஸ்காவில் விமானம் விழுந்து பிழைத்தவர்களை ஓநாய்கள் துரத்தும் த்ரில்லர். உடைந்த குட்டி பாட்டில்களை விரல்களோடு சேர்த்து டேப் சுற்றிக்கொண்டு லியாம் நீசன் ஓநாயை நோக்கிப் பாய்வார். டிரெய்லர் அதைக் காட்டித்தான் இழுத்தது. படத்திலோ அவர் பாய்ந்ததும் திரை இருண்டுவிடும். சண்டையே கிடையாது.

“பெயர்கள் ஓடி முடியும்வரை உட்கார்ந்தீர்களா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நேற்று மறுபடி போட்டேன். கடைசியில் சில நொடிகள்: கிடக்கும் ஓநாயின் உடல் மூச்சில் மெல்ல அசைகிறது, அதன்மீது சாய்ந்தபடி நீசனின் தலை. அவ்வளவுதான். யார் பிழைத்தது என்று சொல்லவில்லை.

சரி, பாதியை வாபஸ் வாங்குகிறேன். சண்டையை எதிர்பார்க்காமல் பார்த்தால் இது சாவை எதிர்கொள்வது பற்றிய படம். காயம்பட்டவனிடம் அவன் சாகப்போவதை நீசன் பதறாமல் சொல்லும் இடம் தூங்கவிடவில்லை. ஆனால் டிரெய்லர் மேல் கோபம் அப்படியே இருக்கிறது. இயக்குநர் ஜோ கார்னஹன் எடுத்தது ஒன்று, விற்றவர்கள் காட்டியது வேறொன்று.

அப்புறம், நிஜ ஓநாய்கள் மனிதரை வேட்டையாடுவது மிக அரிது. அதை மட்டும் டிரெய்லர் தலையில் கட்ட முடியாது.