காடைக்குஞ்சு குடல்: நீங்க பார்த்ததை எழுதுங்க

பண்ணைக்காரன்:
500 குஞ்சு எடுத்தேன். வழியில வண்டி ரிப்பேர், பொரிச்சு ஒண்ணரை நாள் கழிச்சுத்தான் புரூடருக்கு (குஞ்சுக்குச் சூடு குடுக்கிற கூண்டு) வந்துச்சு, அதுவரைக்கும் இரையே இல்ல. நாலாம் நாள் விடியக்காலைல மூலையில 60 செத்துக் கிடக்கு. ஒண்ணைக் கால்நடை டாக்டர் திறந்து காட்டினார். குடல் ஈர நூல் மாதிரி, வெளிச்சத்துல அந்தப் பக்கம் தெரியுது. அதுல, பொரியும்போது குஞ்சு வயித்துக்குள்ள போன முட்டை மஞ்சக்கரு கரையாம பட்டாணி சைஸுக்குத் தொங்குது. "இரை உள்ள போனாத்தான் குடல் அசையும், அப்பத்தான் இதுவும் சீக்கிரம் உள்ள இறங்கும்"னார். அந்த மஞ்சள் இன்னும் கண்ணுலயே நிக்குது.

லேப்வாசி:
படிக்கும்போது ரெண்டு ஸ்லைடு பார்த்தேன். பொரிச்ச அன்னிக்கு எடுத்த சிறுகுடல்ல குடலுறிஞ்சிகள் (சத்தை உறிஞ்சுற விரல் மாதிரி நீட்டங்கள்) குட்டையா, குழந்தைக்கு முளைக்கிற பல்லு மாதிரி. ஏழாம் நாள் எடுத்ததுல நாத்தங்கால் கணக்கா நெடுநெடுன்னு நிக்குது. முதல் வாரத்துல உடம்பைவிடக் குடல்தான் வேகமா வளரும்னு புத்தகத்துல படிச்சிருந்தும், மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திரிக்க மனசு வரல.

பழையகை:
பண்ணைக்காரரே, தீவனம் லேட்டானதை மட்டும் குத்தம் சொல்லாதீங்க. இரை இல்லாட்டியும் மஞ்சக்கரு ரெண்டு நாள் தாங்கும். எனக்கும் ஒரு தடவை செத்துச்சு, அது குளிர்ல. முதல் வாரம் 35லிருந்து 37 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைங்க. மரத்தூள் மேல பேப்பர் விரிங்க, இல்லேன்னா தூளைத் தின்னுடும். வழவழப்புப் பேப்பர் வேண்டாம், கால் விரிஞ்சிடும். தீவனத்தை ரவை மாதிரி உடைச்சு அந்தப் பேப்பர் மேலயே தூவுங்க. தண்ணித் தட்டுல கோலிக்குண்டு போடுங்க, இல்லேன்னா மூழ்கிச் சாகும். பிராய்லர் கோழித் தீவனத்துல புரதம் பத்தாது, 24 சதவீதத்துக்குக் கீழ போகவே கூடாது.

சில்லிக்கடை:
நான் வளர்க்கல, வறுக்கிறவன். சுத்தம் பண்ணும்போது சில காடைல குடல் நடுவுல சின்ன மொட்டு ஒண்ணு. சீக்குன்னு பயந்து முழுக் காடையையே தூக்கிப் போட்டிருக்கேன்.

லேப்வாசி:
@சில்லிக்கடை அய்யோ, சீக்கு இல்லண்ணே. குஞ்சுல மஞ்சக்கருப் பை ஒட்டியிருந்த காம்போட மிச்சம். நம்ம தொப்புள் மாதிரின்னு வச்சுக்குங்க.

பண்ணைக்காரன்:
@பழையகை கோலிக்குண்டெல்லாம் போட்டுத்தான் இருந்துச்சுங்க. ரெண்டு நாள் தாங்கும்னு நம்பித்தான் நானும் அந்த வண்டிக்குக் காத்துக் கிடந்தேன்.