பழைய மதர்போர்டு, புது கேபினெட்: ஆன் ஆகி உடனே அணைகிறது

வெளியே அட்டை மேல் வைத்தால் ஓடுகிற என் கம்ப்யூட்டர், புது கேபினெட்டுக்குள் போனதும் ஃபேன் ஒரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது, மறுபடி சுற்றுகிறது, மறுபடி நிற்கிறது. பீப் சத்தம் இல்லை, திரையில் ஒன்றும் வருவதில்லை.

ஐ5 4570, எச்81 போர்டு, 8 ஜிபி டிடிஆர்3, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி). பழைய கேபினெட் துருப்பிடித்துப்போனதால் போன வாரம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் புதுசு வாங்கினேன். எஸ்எம்பிஎஸ் இப்போது கீழே உட்காருவதால் சிபியு பவர் வயர் மேலே எட்டவில்லை, நீட்டிப்பு வயர் போட்டேன். வெளியே அதே வயரோடு ஓடுகிறது, அதனால் அது காரணமில்லை. ராம் மாற்றிப் பார்த்தாயிற்று, முன்பக்க யுஎஸ்பி, ஆடியோ வயர்களைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவரால் பவர் பின்னைத் தொட்டும் பார்த்தாயிற்று.

எனக்குச் சந்தேகம் ஒரே இடத்தில்தான். போர்டு அகலம் குறைவு, ஆறு திருகுதான். போர்டில் துளை இல்லாத இடத்து ஸ்டாண்ட்ஆஃப்களை (போர்டைத் தகட்டிலிருந்து தூக்கிப் பிடிக்கும் உலோகக் குமிழ்கள்) கழற்றிவிட்டேன், ஆனால் ஒன்று மட்டும் தகட்டோடு சேர்த்தே மேடாக அடித்தது, கழறாது. அதன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் ஒரு சாயங்காலம் ஓடியது, காலையில் பழைய கதை. பிரித்தால் போர்டின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சால்டர் முனைகள் டேப்பைப் பொத்தல் போட்டிருந்தன. கடைக்காரர் போர்டே போச்சு என்கிறார், அதை நான் நம்பவில்லை.

கேபினெட்டை மாற்றித் தர மாட்டார்களாம். அந்த மேட்டின் மேல், தாம்பரம் வெயிலுக்கும் தாங்கும்படி எதை வைத்தால் ஷார்ட் ஆகாது?