சென்னையில் இரவு ஒன்பது மணிக்குப் பின் பாரிமுனையிலிருந்து கொடுங்கையூர் செல்ல என்ன வழி?

கண்ணதாசன் நகர் வாசகி:
அனைவருக்கும் வணக்கம். நான் கொடுங்கையூர் கவியரசு கண்ணதாசன் நகரில் குடியிருக்கிறேன். பாரிமுனை அருகே ஒரு மொத்த விற்பனைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த நாளிலிருந்து, பேருந்துக்கென்று எடுத்து வைத்த பணம் மகளின் டியூஷனுக்குப் போகிறது. அந்தத் திட்டம் என் வீட்டுக்குச் செய்த நன்மையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். காலைப் பயணத்தில் பெரிய சிரமமும் இல்லை. ஆனால் கடை சாத்திவிட்டு இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தத்துக்கு வந்தால், சில நாள் முக்கால் மணி நேரம் சாதாரணக் கட்டணத்துக்கான வெள்ளைப் பலகை வைத்த பேருந்து ஒன்றுகூட வருவதில்லை. பிறகு இரண்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. போன மழைக்காலத்தில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் நீர் தேங்கிய ஓர் இரவு, வீடு சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. மகள் சாப்பிடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மாற்று வழி ஏதேனும் உண்டா? 1000 ரூபாய் மாதப் பயண அட்டை வாங்கினால் பயன் இருக்குமா? இரவில் கூடுதல் பேருந்து வேண்டுமென்று யாரிடம், எப்படிக் கேட்பது?

தண்டையார்பேட்டை வாசகர்:
வணக்கம் சகோதரி. மண்ணடியிலோ உயர் நீதிமன்ற நிலையத்திலோ மெட்ரோ ஏறி வண்ணாரப்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி தடத்தில் செல்லும் மின்சார ரயில் கிடைத்தால் கொருக்குப்பேட்டையில் இறங்கலாம். ஆனால் அந்தத் தடத்தின் வண்டிகளில் பெரும்பாலானவை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்தே புறப்படுகின்றன என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு செல்வது நல்லது. இரண்டிலும் செலவு உண்டு. கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு வேறு வண்டியும் தேட வேண்டும். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் எங்களுக்குப் பெரும் விடிவு பிறந்தது. மேற்கே இருக்கும் கொடுங்கையூருக்கும் எம்.கே.பி. நகருக்கும் அந்த விடிவு எட்டவில்லை என்பது எனக்கும் வருத்தமே. மாதவரத்திலிருந்து வரவிருக்கும் இரண்டாம் கட்ட மெட்ரோ தடம் மூலக்கடையைத் தொட்டாலும், பெரம்பூர், அயனாவரம், புரசைவாக்கம் என்று செல்கிறதே தவிரப் பாரிமுனைக்கு வருவதில்லை. ஆகவே உங்கள் பாதைக்குப் பேருந்துதான் கதி.

ஓய்வுபெற்ற நடத்துநர்:
அம்மா, இரண்டு வண்டிகள் சேர்ந்து வருவதற்குக் காரணம் இதுதான். முன்னால் செல்லும் வண்டி மின்ட் பகுதி நெரிசலில் பத்து நிமிடம் தாமதித்தால், அடுத்த நிறுத்தங்களில் கூட்டம் பெருகிவிடும். அத்தனை பேரும் ஏறி இறங்குவதற்குள் அது மேலும் தாமதிக்கும். பின்னால் வருகிற வண்டிக்கு ஆட்கள் குறைவு என்பதால் அது விரைவாக வந்து முன்வண்டியைப் பிடித்துவிடும். இதை நிலையத்தில் இருக்கும் நேரக் காப்பாளர்தான் சரிசெய்ய முடியும். இரவில் இன்னொரு சங்கடமும் உண்டு: பகல் முழுவதும் சேர்ந்த தாமதம் கடைசி நடையின், அதாவது அன்றைய கடைசி ஓட்டத்தின், தலையில்தான் விழும். நான் வேலை பார்த்த காலத்தில், நேரம் கடந்துவிட்டால் அந்த நடையை விட்டுவிட்டுப் பணிமனைக்குத் திரும்பும்படி ஆகிவிடும். காத்திருந்தவர்களின் முகம் இன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

உங்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கட்டணமில்லாப் பயணம்தானே என்று பயணச்சீட்டு வாங்காமல் இருந்துவிடாதீர்கள். அந்தப் பயணங்களுக்கு உரிய தொகையை அரசுதான் ஈடு செய்கிறது. எந்தத் தடத்தில் எந்த நேரத்தில் எத்தனை பெண்கள் பயணித்தார்கள் என்பதற்கு அந்தச் சீட்டே சான்று. ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் இருக்கிறது என்று காட்ட அதைவிட வலுவான ஆதாரம் கிடையாது.

1000 ரூபாய் அட்டையில் சொகுசுப் பேருந்திலும் ஏறலாம். குளிர்சாதன வண்டியில் ஏற முடியாது. மாதம் முழுவதும் இரவு ஒரு நடைக்கு மட்டும் பயன்படுத்துவதானால் அது கட்டுப்படியாகாது என்றே நினைக்கிறேன்.

மணலி வாசகி:
சகோதரி, எங்கள் பகுதிக்காக நாங்கள் சிலர் செய்ததைச் சொல்கிறேன். வெறுமனே "பேருந்து போதவில்லை" என்று எழுதினால் அந்த மனு கோப்பிலேயே தங்கிவிடும். தொடர்ந்து இரண்டு வாரம், நிறுத்தத்துக்கு வந்த நேரம், பேருந்து வந்த நேரம், அதன் தட எண், நிறுத்தத்தில் நின்றவர்களின் தோராயமான எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன், அந்தத் தடத்தில் இரவு ஒன்பதுக்கு மேல் அட்டவணைப்படி எத்தனை நடைகள், உண்மையில் ஓடியவை எத்தனை என்று கேளுங்கள்; 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் உங்கள் நோட்டையும் சேர்த்து மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கொடுத்தால், பேச்சு "பார்க்கலாம்" என்பதோடு நிற்காது. 2025 ஜூன் மாதம் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் வியாசர்பாடி பணிமனையிலிருந்துதானே தொடங்கிவைக்கப்பட்டன? நம் பகுதிப் பணிமனையின் வண்டிகளில் ஒன்றிரண்டையாவது இரவு நடைக்கு ஒதுக்குங்கள் என்று கேட்பதில் தவறே இல்லை. பயண நேரம் குறைந்தால்தான் மகளிர் திட்டத்தின் பயனும் முழுமையாக வந்து சேரும். ஓட்டத்தைக் கூட்டாமல் கட்டணத்தை மட்டும் நீக்கினால், சேமித்த பணத்துக்கு ஈடாகப் பெண்கள் தங்கள் நேரத்தைக் கொடுக்கிறார்கள்.

கண்ணதாசன் நகர் வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி நேற்றுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நோட்டும் தொடங்கிவிட்டேன். முதல் பதிவு: நிறுத்தத்துக்கு வந்தது 9.05, பேருந்து வந்தது 9.40, உடன் நின்றவர்கள் இருபத்திரண்டு பேர், அவர்களில் பதினான்கு பேர் பெண்கள். அவர்களில் இருவர் தாங்களும் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.