தொட்டிக்குள் கேட்காமல் வந்தவற்றுக்கு என்ன பெயர்?

நாகர்கோவில்:
பள்ளி ஆய்வகத்துக் கடல்நீர்த் தொட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் விளக்கப் பலகை எழுதியாக வேண்டும். தொட்டியில் வைத்த கல்லோடு கேட்காமலே உள்ளே வந்த உயிர்களுக்கு ஒரு சொல் தேவை. கண்ணாடியில் கடுகில் பாதியளவு வெள்ளைச் சுருள்கள். நீரை வடிகட்டி உண்ணும் குழாய்ப்புழுக்கள் அவை. இரவில் டார்ச் அடித்தால் சுணைப்புழு இடுக்குக்குள் நழுவி மறைகிறது. அது மிஞ்சிய தீனியைத் தின்று துப்புரவு செய்வது. இரண்டும் தீங்கற்றவை. மாணவர்களோ எல்லாவற்றையும் ‘ஒட்டுண்ணி’ என்று சொல்லி இடுக்கியை எடுக்கிறார்கள்.

தக்கலை:
கல் பவளமா? 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

நாகர்கோவில்:
இல்லை ஐயா, முட்டம் கரையில் ஒதுங்கிய சிப்பிக் கல். சொல்லுக்கு வாருங்கள்.

மார்த்தாண்டம்:
ஒட்டுண்ணி பிற உயிரை உறிஞ்சுவது, இங்கே பொருந்தாது. ‘தொற்றி’ எனலாம். தொற்று என்னும் வினையடி, இகர விகுதி. பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகிறோமே, அதே தொற்றுதான்.

குளச்சல்:
இலக்கணம் சரி அண்ணாச்சி. 2020-க்குப் பிறகு ‘தொற்று’ என்றால் யாருக்கு பஸ் நினைவுக்கு வரும்? ‘வந்தேறி’யும் வேண்டாம், அது மனிதர்மேல் வீசப்படுகிற சொல்.

தக்கலை:
‘வருவிருந்து’ இருக்கிறதே, குறள் 86. விருந்துக்குப் புதுமை என்றும் பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் புதுவது புனைந்த யாப்பை விருந்து என்கிறது. 133 அடி உயரத்தில் வள்ளுவர் நிற்கும் கடலோரத்தில் வேறு சொல் தேடுவானேன்?

குளச்சல்:
மீன்களுக்கு வைத்த விருந்து என்றுதான் பிள்ளைகள் படிப்பார்கள். அதிலும் பாதி உண்மை உண்டு. இப்படி வருகிற கோப்பிபாடு என்னும் நுண்ணிய ஓட்டுயிர்களை மாண்டரின் மீன் விரும்பித் தின்னும்.

மார்த்தாண்டம்:
முதலில் ‘சுணைப்புழு’வைத் திருத்துங்கள். சுணை தாவரத்துக்கு உரியது. மூங்கிலுக்குச் சுணை உண்டு, புழுவுக்கு ஏது?

நாகர்கோவில்:
தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். விரலில் கண்ணுக்குத் தெரியாத முட்கள். செலோடேப் ஒட்டி ஒட்டி உரித்தேன். மூங்கில் சுணையின் அதே அரிப்பு.

மார்த்தாண்டம்:
பிறகு எப்படித் தீங்கற்றது?

நாகர்கோவில்:
தொட்டிக்குத் தீங்கற்றது என்று எழுதிவிடுகிறேன், விரலைப் பற்றித் தனி வரி.

குளச்சல்:
‘கூடவந்தவை’ போதும் டீச்சர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

தக்கலை:
வருவிருந்தை விட மனமில்லை. ஆனாலும் சரி.

மார்த்தாண்டம்:
அது வினையாலணையும் பெயர், கலைச்சொல் ஆகாது. ‘கூடவந்தவையியல்’ என்று ஒரு துறைக்குப் பெயர் வைக்க முடியுமா?

நாகர்கோவில்:
துறை வரும்போது பார்ப்போம் ஐயா. பெயிண்டர் வாசலில் நிற்கிறார். ‘கூடவந்தவை’ என்றே கொடுத்துவிட்டேன்.

மார்த்தாண்டம்:
என் மறுப்பு நிற்கிறது. பெயிண்டரிடம் ‘கூட’வுக்கும் ‘வந்தவை’க்கும் நடுவே இடைவெளி விட வேண்டாம் என்றாவது சொல்லுங்கள்.